பூஜ்யம் நம்பர் சேனல் தெரிந்த காலை

மொட்டைமாடியில் ஆன்டெனாக் குழாயைப் பிடித்தபடியே என் கண்ணுக்குள் நிற்கும் மச்சானுக்கு, பாபநாசத்திலிருந்து உங்கள் ஜெய்னம்பு ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நான் நலம். முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போவதாக இல்லை. உரக்கடையை உங்கள் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நட்டவர்கள் யூரியா கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். உங்களைப் போல அவர்களை நிற்க வைத்துச் சேனல் கதை சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. வியாபாரம் வேகமாக நடக்கிறது.

பெரிய செய்தி இது. நான் ஆஸ்திரேலியா போய் வந்துவிட்டேன். ஆமாம், நானேதான். திருச்சிக்குப் பஸ் ஏறினாலே தலை சுற்றுகிறது என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காருவேனே, அந்த நான். நீங்கள் நாற்பது வருஷம் ஓயாமல் பேசிய நாட்டுக்கு, நாற்பது வருஷமும் காதை மூடிக்கொண்டிருந்தவள் போய் மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். அநியாயம்தான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பொய் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்தக் கடிதமே அதற்காகத்தான். நீங்கள் அடங்கியிருக்கிற கபரஸ்தானுக்கு நம் ஊரில் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. நேரே வந்து உங்கள் தலைமாட்டில் சொல்ல முடியாததைக் காகிதத்தில்தான் சொல்ல வேண்டும். "எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதும்மா. ஊரே சேந்துதானே அத்தாவைக் கிண்டல் பண்ணுச்சு" என்றாள் ஃபரீதா. நம் மகள் சொன்னால் அதில் நியாயம் இருக்கும். உங்கள் ரத்தம்.

அந்தக் கிண்டலை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரில் மூன்று கமாலுதீன்கள் இருந்தார்கள். உரக்கடைக் கமாலுதீனை மட்டும் 'ஆஸ்திரேலியா பாய்' என்றார்கள். "பாய், பொட்டாஷ் இருக்கா?" என்று கேட்டு வருகிற விவசாயியிடம், அந்த நாட்டில் டிவிக்கெல்லாம் எண்தான் பெயர் என்று ஆரம்பிப்பீர்கள். அலைவரிசைக்கு ஓர் எண், அதுவே சேனலுக்குப் பெயர், அதுவே சின்னம், அதுவே பாட்டு. எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்து போடுவார்கள், மூன்றாவது எழுத்தைப் பார்த்தே எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம் என்பீர்கள். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டே மூட்டையைச் சைக்கிளில் கட்டுவார்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். முதலில் வகுத்த எண்கள் போதாமல், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் '5-ஏ' என்று ஒன்றைச் செருகினார்களாம். நம் தெருவில் அண்ணன் தம்பி பாகம் பிரித்ததும் 5-ஏ என்று கதவு எண் முளைத்ததே, அது மாதிரி. பிறகு மூன்று, நான்கு, ஐந்தாம் எண்களில் இருந்தவர்களை எஃப்.எம். ரேடியோவுக்காகக் காலி பண்ணச் சொன்னார்கள் என்று நீங்கள் சொன்னபோது, வாய்க்கால் ஓரத்து ஆக்கிரமிப்பை எடுக்கச் சொன்ன மாதிரி எனக்குப் பாவமாக இருந்தது. அதைக்கூட உங்களிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவீர்களே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்யாணத்துக்கு மறு வருஷம். ஃபரீதா என் வயிற்றில் ஏழு மாதம். சவூதியிலிருந்து என் தம்பி கொண்டுவந்த கறுப்பு வெள்ளை டிவி நம் வீட்டில் இருந்தது. அப்போது நம் பக்கத்தில் இந்திய டிவி ஏது? கடல் தாண்டி வந்த இலங்கை டிவிதான். அதற்காக ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போடுகிற இரும்புக் குழாயை மாடியில் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டியிருந்தீர்கள். தெருவில் நம் குழாய்தான் உயரம். காக்கா உட்கார்ந்தாலும் படம் ஆடும்.

டிவி வைத்திருந்த எல்லா வீட்டிலும் இது இரண்டு பேர் வேலை. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். டிவி முன்னால் ஒருவர் உட்கார்ந்து கத்துவார். மாடியில் நிற்பவருக்குப் படம் தெரியாது. கீழே இருப்பவர் சொல்வதுதான் அவருக்குப் படம். நம் வீட்டில் மேலே நீங்கள், கீழே நான்.

அந்த வருஷங்களில் சூரியனில் புள்ளிகள் கூடுதலாக இருக்கின்றன, அதனால் மிகக் குறைந்த அலைவரிசை வானத்தில் பட்டுத் திரும்பி எங்கேயோ தூரதேசத்தில் விழும் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் பூஜ்யம் என்றே ஒரு சேனல் இருக்கிறது, எண்களிலேயே மிகக் குறைந்தது, எட்டுவதென்றால் அதுதான் இவ்வளவு தூரம் எட்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. டிவியின் குமிழை அடிமட்டத்துக்குத் திருகி வைத்துவிட்டு, காலைதோறும் குழாயைத் தென்கிழக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். நானும் தினம் புள்ளி மழையைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

அன்று என் அத்தாவும் அம்மாவும் பூதலூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் வருவதாக இருந்தது. ஏழாம் மாதம், என்னை அழைத்துப்போக வருகிறார்கள். பத்து மணிக்கு வண்டி. என் அத்தாவின் கோபம் உங்களுக்குத் தெரியும். போன முறை நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகத் தாமதமாகி, அவர் நடந்தே வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மணி ஒன்பதே முக்கால். நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் நிற்கிறீர்கள்.

"தெரியுதா?"

"இல்ல மச்சான். வண்டிக்கு நேரமாச்சு. எறங்கி வாங்க."

"இந்தா, இன்னும் ஒரு திருப்பு. இப்ப?"

அப்போது தெரிந்தது.

புள்ளி மழைக்கு நடுவில் தடிமனாக ஒரு வட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு நிழல் விழுந்து, வாய்க்கால் தண்ணீரில் தெரிகிற மாதிரி ஆடிக்கொண்டு. பின்னால் ஒரு மனிதர் முகம் போல ஏதோ அசைந்தது. சத்தம் இல்லை. வட்டம் போனது, திரும்ப வந்தது. நான் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். வயிற்றில் இருந்தவள் ஒரு உதை விட்டாள்.

"ஜெய்னம்பு, தெரியுதா?"

எனக்கு அப்போது மனதில் ஓடியது ஒன்றுதான். தெரிகிறது என்று சொன்னால் நீங்கள் இன்னும் அரை மணி நேரம் இறங்க மாட்டீர்கள். என் அத்தா ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்பார். இலங்கைக்காரர்கள் ஏதோ வட்டம் போடுகிறார்கள், நாளைக்குப் பார்த்தால் போகிறது.

"ஒண்ணும் தெரியல. எறங்குங்க" என்று கத்தினேன்.

நீங்கள் இறங்கி வந்து எட்டிப் பார்ப்பதற்குள் வட்டம் போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தீர்கள். வண்டி அரை மணி நேரம் தாமதம் மச்சான். அதை எப்படி மறப்பேன்? நீங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்கப்புறம் சில மாதம் கழித்து, நீங்கள் அந்தச் சேனலுக்கு எழுதிப்போட்ட கடிதத்துக்குப் பதிலாக ஓர் உறை வந்தது. போஸ்ட்மேன் சவரிமுத்து அதைத் தெருமுனையிலிருந்தே உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாய், கங்காரு லெட்டர் போட்டிருக்கு!" உள்ளே நிகழ்ச்சி அட்டவணை ஒன்றும், பளபளவென்று ஒரு ஸ்டிக்கரும். பிரிஸ்பேன் ஊர் பூஜ்யம் நம்பர் சேனலின் சின்னம். அதே தடித்த வட்டம்.

நீங்கள் அதை என் பீரோ கதவில் ஒட்டினீர்கள். கை அமர்த்தி, காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்துத் தேய்த்து ஒட்டினீர்கள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். சவரிமுத்துவிடம் நீங்கள் சொன்னது அடுக்களைக்குக் கேட்டது. "ஜப்பான்ல எல்லாம் தெரியுதாம். இங்கயும் வரும்னுதான் சொல்றாங்க. நமக்குத்தான் கொடுத்து வைக்கல."

அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? இன்னொரு தடவை வந்துவிடும், அப்போது வீடே அதிரக் கத்திவிடலாம், பழையதைச் சொல்ல வேண்டி வராது என்று நினைத்தேன். நீங்கள் கேட்காமலே காலையில் டிவி முன்னால் போய் உட்கார ஆரம்பித்தேன். "என்ன இது, மழை வரப் போவுது" என்று சிரித்தீர்கள். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு எத்தனை காலை பார்த்தேன் தெரியுமா? வெறும் புள்ளிகள்தான். அந்தச் சூரியனும் சாந்தமாகிவிட்டது.

பிறகு ஒருநாள் முகம் தொங்கிப்போய்க் கடையிலிருந்து வந்தீர்கள். பிரிஸ்பேனிலிருந்து கடிதம் வந்திருந்தது. மற்ற ஊர்களில் உள்ள கூட்டாளிச் சேனல்களுக்கெல்லாம் பத்து என்று பெயராம். எல்லா ஊரிலும் ஒரே பெயர் இருக்கட்டும் என்று பிரிஸ்பேன்காரர்களும் பூஜ்யத்தை விட்டுப் பத்தாம் அலைவரிசைக்குக் குடிபோய்விட்டார்களாம். சூரியனில் மறுபடி புள்ளிகள் பெருகியபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "சூரியன் தயாரா இருக்கு ஜெய்னம்பு. ஆளுதான் வீடு மாத்திட்டான்." சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். நான் மீன்குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டேன். அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் அதற்காக வாடிப்போகிற ஆள் இல்லை. சின்னம் மாறினால் நோட்டில் வரைந்தீர்கள், அலைவரிசை மாறினால் எழுதினீர்கள். ஊர் கேலி செய்தபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதுதான் மச்சான் எனக்கு உறுத்துகிறது. "ஆஸ்திரேலியா டிவி பாபநாசத்துல தெரியுமாம்ல" என்று கல்யாண வீட்டில் பெண்கள் சிரித்தபோது, தெரிந்தது, நான் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். பந்தியில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். பீரோவைத் திறக்கிறபோதெல்லாம் அந்த வட்டத்தைத் தொட்டுத்தான் திறந்திருக்கிறேன், நாற்பது வருஷம்.

நீங்கள் போனபின் பீரோவின் மேல்தட்டில் அந்த நோட்டு கிடைத்தது. அதில் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தீர்கள். தேதி, மணி, குழாய் எந்தத் திசை, திருப்பியவர், பார்த்தவர். அந்த நாளைத் தேடிப் பிடித்தேன். திருப்பியவர்: நான். பார்த்தவர்: ஜெய்னம்பு. தெரிந்தது: ஒன்றும் இல்லை. நான் சொன்னதை நம்பி அப்படியே எழுதியிருந்தீர்கள். சந்தேகக்குறி கூட இல்லை.

ஃபரீதா பிரிஸ்பேனில் வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. நீங்கள் இருக்கும்போதே போனாள். போகத்தான் உங்களுக்கு உடம்பு இடம்கொடுக்கவில்லை. இந்த முறை அவள் அழைத்தபோது நோட்டைப் புடவைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே டிவியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வரும், கேளுங்கள். பழைய முறையை நிறுத்திவிட்டு எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதல்லவா? ஏழு என்று பெயருள்ள சேனல் ஆறாம் அலைவரிசையில் வருகிறது. ஒன்பது எட்டில். பத்து பதினொன்றில். ஒருவரும் சொந்த வீட்டில் இல்லை. ஆனால் பெயரை மட்டும் விடவில்லை. ரிமோட்டில் பழைய எண்ணை அழுத்தினால் சரியாக வந்து நிற்கிறது. இதை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று உடனே போனைத் தேடினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் கிரஹாம் என்ற பெரியவர். பழைய டிவி வரலாறு சேகரிக்கிறவர்களின் கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் ஃபரீதா விசாரித்து அவரைப் பிடித்தாள். பூஜ்யம் நம்பர் சேனலின் ஒளிபரப்புக் கோபுரத்தில் இருபது வருஷம் டெக்னீஷியனாக இருந்தவர். மனைவி இல்லை. நம் நோட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தமிழ் தெரியாது, எண்ணும் படமும் புரிகிறதே. நீங்கள் வரைந்த சின்னங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அந்த நாள் வந்த பக்கத்தில் நான் கையை வைத்தேன். ஃபரீதாவிடம் சொன்னேன். "இவருகிட்ட சொல்லு. இது தப்பு. அன்னிக்கு நான் பாத்தேன்."

ஃபரீதா திரும்பி என்னையே பார்த்தாள். "என்னம்மா சொல்றே?"

முழுவதையும் சொன்னேன். ரயில், அத்தா, வெங்காயம், எல்லாம். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவர் ஒரு காகிதத்தைத் தள்ளி, வரையச் சொன்னார். நான் வட்டத்தைப் போட்டு, அது ஆடியதைக் காட்ட மூன்று நான்கு நிழல் போட்டு, பின்னால் முகத்தைப் போட்டேன். படம் கோணலாக வந்தது. அவர் நம் மணியோடு நாலரை மணி நேரம் கூட்டிப் பார்த்தார். அங்கே பிற்பகல் இரண்டேகால். நிழல் அடுக்கடுக்காக விழுவதுதான் அவ்வளவு தூரம் வந்ததற்கு அடையாளமாம். இலங்கைப் படம் அப்படி ஆடாதாம்.

அப்புறம் அவர் சொன்னதை ஃபரீதா மெதுவாகச் சொன்னாள். "அந்த வருஷம் இவருக்கு மதிய ஷிப்டாம்மா. அந்த வட்டத்தை அனுப்பினது இவரு கையாக்கூட இருக்கலாம்ங்கிறாரு."

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்த் தேநீர் போட எழுந்தார். தேநீர் சுமார்தான்.

திரும்பி வந்தபோது கையில் ஓர் அட்டை. தூரத்தில் படத்தைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு, ஆமாம், நீங்கள் பார்த்தது எங்கள் சேனலைத்தான் என்று அந்தக் காலத்தில் அனுப்பிய உறுதி அட்டையாம். சேனல் இடம் மாறியபோது மீந்ததை ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருந்தாராம். சேனலின் பெயரால் கொடுக்கத் தனக்கு இனி உரிமையில்லை, அந்தக் காலத்து டெக்னீஷியனாகத் தன் கையெழுத்தைப் போட்டுத் தருகிறேன் என்றார். பேனாவைத் திறந்துகொண்டு, யார் பெயருக்கு எழுத என்று கேட்டார்.

"அத்தா பேருக்குத்தானேம்மா?" என்றாள் ஃபரீதா.

அவர் தலையசைத்து மறுத்தார். கண்ணால் பார்த்தவர் பெயருக்குத்தான் எழுதுவது முறையாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது மச்சான். அந்த ஊரில் உட்கார்ந்து அந்த ஊர்க்காரரிடமே சட்டம் பேசினேன். "இவருகிட்ட நல்லாப் புரியிற மாதிரி சொல்லு. எங்க ஊர்ல மாடில ஒருத்தரு, கீழ ஒருத்தரு. திருப்புறவரு இல்லாம படம் இல்ல. தனியா ஒருத்தருக்கு எழுதினா எனக்கு வேணாம்." ஃபரீதா சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்படின்னா நானும்தான் இருந்தேன்" என்று அவளாகவே ஒன்றைச் சேர்த்தும் சொன்னாள்.

அவர் சிரித்துவிட்டு எழுதினார். மாடியில்: கமாலுதீன். டிவி முன்னால்: ஜெய்னம்பு. ஊர்: பாபநாசம். ஃபரீதாவுக்கு இடம் போதவில்லை.

அட்டை இப்போது பீரோவில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றுக்குமிழி இரண்டு விழுந்துவிட்டது, உங்கள் கை எனக்கு வராது. சவரிமுத்து வந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "பாய் சொன்னப்ப நான்கூட நம்பலையேம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது டீக்கடையில் அவர்தான் உங்கள் கட்சி. போன வாரம் ஒருவர் சிரித்ததற்கு, வீட்டுக்கு வந்து அட்டையைப் பார் என்று கையைப் பிடித்தே கூட்டிவந்துவிட்டார். வந்தவருக்கு நான் டீ போட்டுக் கொடுத்து, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எல்லாக் கதையும் சொன்னேன். 5-ஏ உட்பட. அவர் கிளம்பவே வழி தேடினார். நான் விடவில்லை.

என்மேல் கோபமா மச்சான்? நீங்கள் கோபப்படுகிற ஆள் இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டம். நீங்கள் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒரு தடவை சொன்னதும் நம்பிவிட்டு, மறுபடி கேட்கவே இல்லையே நீங்கள்.

இன்று காலை நோட்டை எடுத்தேன். 'ஒன்றும் இல்லை' என்ற உங்கள் எழுத்தை அடிக்க மனம் வரவில்லை. அது நான் சொன்னது, உங்கள் தப்பில்லை. அதற்குக் கீழே என் கையால் எழுதினேன்: 'தெரிந்தது. பெரிய வட்டம். நன்றாகத் தெரிந்தது.' திருப்பியவர் கட்டத்தில் உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், நானும் ஒருநாள் வருவேன். அதுவரை எங்கேயாவது உயரத்தில் நின்று எதையாவது திருப்பிக்கொண்டுதான் இருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? அங்கிருந்து "தெரியுதா?" என்று குரல் கொடுங்கள். வாக்குக் கொடுக்கிறேன் மச்சான், ஸ்டேஷனில் என் அத்தாவே பெட்டியோடு நின்றாலும் சரி, அவசரப்படுத்தி உங்களை இறக்க மாட்டேன். என்ன தெரிகிறதோ அதைத் தெரிகிறபடியே சொல்வேன்.

இப்படிக்கு,
மாடியில் நின்றவரின் மனைவி,
டிவி முன்னால் இருந்த உங்கள் ஜெய்னம்பு.